மேகத்தில் வைத்த கிதாபுகள்

கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த கதையை நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லும்போது எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். 1981 மே 31 நள்ளிரவு தாண்டி ஜூன் 1, சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பல். எண் சரி. ஆனால் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அந்த 97,000இல் எதையெல்லாம் இன்று வாசிக்கலாம்?" என்று கேட்டால், அங்கேதான் உண்மையான வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது. வேறு எங்காவது இன்னொரு பிரதி இருந்த நூலெல்லாம் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில், கொழும்பில், இலண்டனில், வல்வெட்டித்துறையில் ஒருவரின் பரணில், மட்டக்களப்பில் ஒரு வாத்தியாரின் அலுமாரியில் கிடந்தவை திரும்பி வந்தன. அந்த ஒரே இடத்தில் மட்டும் இருந்த ஏடுகள் போனது போனதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் வாவிக்கரை ஊர்களில், காத்தான்குடி முதல் ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை வரை, கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக நல்ல வேலையொன்று நடந்து வருகிறது. பழைய மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், அரபுத் தமிழ்க் கிதாபுகள், ஊர் வரலாற்றுச் சிறுநூல்கள், மர்ஹூம்களான உலமாக்களின் கையெழுத்துக் குறிப்புகள் எல்லாவற்றையும் இளைஞர்கள் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பீடிஎப் ஆக்குகிறார்கள். பிறகு அதை ஒரு ட்ரைவில் போட்டு லிங்கை வட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்கள். "அல்ஹம்துலில்லாஹ், இனி இந்தக் கிதாபு அழியாது" என்று நாலு பேர் பதில் போடுவார்கள். பல வீடுகளில் அடுத்த மாதமே கறையான் அரித்த அந்த மூலப் பிரதி குப்பைக்குப் போய்விடுகிறது. "அதுதான் ஒன்லைனில் இருக்கிறதே!"

நமக்குப் பயம் அந்த வசனத்தில்தான்.

"மேகம்" என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். கார்த்திகை மாதத்தில் வாவிக்கு மேலே கறுத்துத் திரளும் மேகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மேகச் சேமிப்பு என்பது வானத்தில் எங்கும் இல்லை. வேறொரு நாட்டில், வேறொரு கம்பனியின் கட்டடத்தில், வேறொருவருடைய கணினியில் நம் கோப்பு கிடக்கிறது. அந்தக் கட்டடத்துக்கும் கரண்ட் வேண்டும், காவல் வேண்டும். அதுவும் தீப்பிடிக்கும். 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கம்பனியின் தரவு நிலையம் எரிந்தது. வேறு பிரதி வைத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் பலருக்கு எல்லாம் போனது. 2025 செப்டெம்பர் 26இல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத்தின் தரவு நிலையத்தில் மின்கலம் தீப்பற்றியது. அரச ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த "ஜி-ட்ரைவ்" என்ற சேமிப்பகம் முழுதாக எரிந்தது. 858 டெராபைட். அவ்வளவு பெரிய அளவுக்கு வெளியே பிரதி எடுக்கவில்லை என்றார்கள். தொழில்நுட்பத்தில் உலகுக்கே பாடம் எடுக்கும் நாடு அது. யாழ்ப்பாணத்தில் நடந்ததை டேஜோனோடு ஒப்பிடுவது நம் நோக்கமல்ல. அங்கே விபத்து, இங்கே கொளுத்தினார்கள். ஆனால் ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதில் இரண்டு நெருப்பும் ஒரே கணக்கைத்தான் காட்டுகின்றன.

தூரத்துக் கதை என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டுக் கதை இரண்டு. 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபோயின. அவை "லங்கா கவர்மன்ட் க்ளவுட்" எனப்படும் அரசாங்கத்தின் மேகத்தில் இருந்தவை. விவகாரம் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போனது. அதே அரச மேகம் 2023 ஓகஸ்டில் கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000இல், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் இல்லாமல் போயின. மென்பொருள் பழையது, புதுப்பிக்கப்படவில்லை. பிரதி இருந்தது, ஆனால் அதுவும் அதே வலையோடு இணைந்திருந்தபடியால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். ஒரே வீட்டின் இரண்டு அறையில் வைத்த இரண்டு பிரதியைக் கணக்குக்கு ஒன்று என்றுதான் எடுக்க வேண்டும்.

பிரித்தானிய நூலகத்தையும் பார்ப்போம். நம் நாட்டின் 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள் பலவற்றுக்கு இன்று அங்கேதான் நல்ல பிரதி உண்டு. அழிவாபத்திலுள்ள ஆவணங்களுக்கான அவர்களுடைய திட்டத்தின் கீழ் உலகெங்கும், இலங்கையிலும், ஏடுகளும் பத்திரிகைகளும் படமாக்கப்பட்டன. 2023 ஒக்டோபர் கடைசியில் இணையத் தாக்குதல் நடந்து அந்த நூலகத்தின் இணையதளம், பட்டியல், டிஜிட்டல் சேகரங்கள் எல்லாம் மாதக்கணக்கில் முடங்கின. ஆய்வு மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு நல்ல விதி இருந்தது: மூலம் அந்தந்த நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, டிஜிட்டல் பிரதியொன்று உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும். விதி எழுதியபோது அது உள்ளூர் மக்களுக்குச் செய்யும் மரியாதையாகப் பார்க்கப்பட்டது. தாக்குதலுக்குப் பிறகு பார்த்தால் அதுவே காப்புறுதி.

நெருப்பும் திருட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. அதைவிட அமைதியான ஆபத்து, கடைக்காரன் கடையைப் பூட்டுவது. நம்மில் வயது முப்பதைத் தாண்டியவர்களுக்கு "ஜியோசிட்டீஸ்" நினைவிருக்கும். இணையத்தில் தமிழ் தவழத் தொடங்கிய காலத்தில் எத்தனையோ பேர் தம் ஊர்ப் பக்கங்களை, கவிதைகளை அங்கேதான் இலவசமாக வைத்தார்கள். 2009 ஒக்டோபரில் யாஹூ அதை மூடியது. சில தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. பிறகு "ரெபிட்ஷெயார்" வந்தது. அதுவும் 2015 மார்ச்சில் மூடப்பட்டது. 2009இல் அமேசன் கம்பனி, விற்பனை உரிமைச் சிக்கலால், ஜோர்ஜ் ஓர்வெலின் நாவலைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவியிலிருந்தே இரவோடிரவாக அழித்தது. அழிக்கப்பட்ட நாவல் "1984". கதை தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 2019இல் மைக்ரோசொப்ட் தன் புத்தகக் கடையை மூடியபோது வாங்கிய நூல்களெல்லாம் வேலை செய்யாமல் நின்றன. பணம் திரும்பியது, புத்தகம் திரும்பவில்லை.

கடை திறந்திருந்தாலும் பூட்டு மாறும். 2021 செப்டெம்பரில் கூகுள் தன் ட்ரைவ் லிங்குகளில் பாதுகாப்புக்காக ஒரு மாற்றம் செய்தது. பழைய லிங்குகள் பலவற்றை அழுத்தினால் "அனுமதி கேளுங்கள்" என்று வரத் தொடங்கியது. அனுமதி கொடுக்க வேண்டியவர் கட்டாரிலோ கப்றிலோ இருந்தால் யாரிடம் கேட்பது? 2023 டிசம்பரிலிருந்து இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனியார் கணக்குகளை அழிக்கலாம் என்ற கொள்கையும் வந்தது. இதில் கம்பனியைக் குறை சொல்ல நமக்கு அவ்வளவு விருப்பமில்லை. இலவசமாகத் திண்ணை கொடுத்தவன் திண்ணையைக் கூட்டத்தான் செய்வான். நம் கிதாபுகளைத் திண்ணையில் வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

நாம் நேரடியாகக் கண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல வருடமாகத் தேடித் தேடி ஊரின் பழைய வெளியீடுகளைப் படமாக்கி ஒரு மேகக் கணக்கில் அடுக்கி வைத்திருந்தார். எந்தக் கம்பனி என்பது இங்கே முக்கியமில்லை. கொரோனாக் காலத்தில் அவர் வஃபாத்தானார், இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வளவும் வயலும் ஃபராயிழ் கணக்குப்படி பிரிந்தன. கடன் தீர்த்தார்கள். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியவில்லை. மக்கள் கேட்டுப் பார்த்தார்கள், ஆங்கிலத்தில் படிவங்கள் வந்தன, பதில் வந்தது, கதவு திறக்கவில்லை. லிங்குகள் சில மாதம் வேலை செய்தன, பிறகு நின்றன. அந்தச் சேகரத்தில் யாரோ எப்போதோ தரவிறக்கி வைத்திருந்த பதினேழு கோப்புகளைக் குழுவில் கெஞ்சிக் கேட்டு மீட்டோம். மற்றவை என்னென்ன என்பதற்குப் பட்டியலும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது.

மேகத்தை ஒதுக்கிவிட்டு எல்லோரும் அலுமாரிக்குத் திரும்புங்கள் என்று சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் கரையின் வரலாறு அலுமாரிக்கும் அவ்வளவு சாதகமாக இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனது. வீட்டுக்குள் இருந்த கடுதாசி எல்லாம் மழையில் கூழாகியது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தது. 1990இல் வீதிகள் மூடப்பட்டு ஊர்கள் தீவுகளாக நின்றன. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கிதாபுகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியும்? இந்த நான்கிலும், கடல் கடந்து ஒரு பிரதி இருந்திருந்தால் அது உயிர் தப்பியிருக்கும். மேகம் அதற்கு உதவும். பல பிரதிகளில் ஒன்றாக அதை வைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. எழுதலாமா என்று யோசித்தோம், எழுதிவிடுகிறோம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு நம் ஊர்களில் சோதனைகள் நடந்த நாட்களில், அரபு எழுத்து இருந்த எதைக் கண்டாலும் வீடுகளில் பயம். தப்ஸீர், நஹ்வு, ஸர்பு, மௌலித் கிதாபு, மூத்தவாப்பாவின் கையெழுத்து என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் மனத்தெம்பு இல்லை. எரித்தவர்கள் உண்டு, புதைத்தவர்கள் உண்டு, கிணற்றில் போட்டவர்களும் உண்டு. அரபு எழுத்தில் எழுதிய தமிழ் அது என்று விளங்கப்படுத்த அந்த நேரம் யார் இருந்தார்கள்? அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களிலேயே குறைந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வெளியார் வந்து கொளுத்தினார்கள். இங்கே நம் கையாலேயே நடந்தது. அதற்கு வருடம் இருக்கிறது, எண் இல்லை.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. முகநூல், வட்ஸ்அப் எல்லாம் அரசாங்கத்தால் முடக்கப்பட்டு ஏப்ரல் 30 வரை அப்படியே இருந்தன. 2022 ஏப்ரலிலும் ஒரு நாள் முடக்கினார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360 அளவுக்கு ஏறியது. கூடுதல் இடத்துக்காக மாதம் சில டொலர் கட்டி வந்த சங்கங்களுக்கு அந்தக் கட்டணம் ஒரே பாய்ச்சலில் முக்கால்வாசி கூடியது. வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்வதும் பெரும்பாடாயிற்று. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் பழைய பீடிஎப்புக்கு யார் டொலர் கட்டுவது! ஆக, மேகத்தில் இருந்தது அழியாவிட்டாலும், தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு எட்டாமல் போகலாம் என்பதை நாம் அனுபவித்தே விட்டோம்.

பழைய ஆட்கள் இதை எப்படிச் செய்தார்கள்? யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானபோது, நெஞ்சில் மட்டும் இருந்தால் போதாது என்ற கவலையில்தான் அபூபக்ர் (ரழி) காலத்தில் அது ஒன்றாகத் தொகுத்து எழுதப்பட்டது. உஸ்மான் (ரழி) காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டுக் கூஃபா, பஸரா, ஷாம் என்று தூரதூர நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒன்றைப் பாதுகாப்பான பெட்டியில் வைத்துப் பூட்டுவதோடு அவர்கள் நிறுத்தவில்லை. நெஞ்சிலும் ஏட்டிலும், மதீனாவிலும் மற்ற ஊர்களிலும் என்று பரப்பினார்கள். இன்று கணினி ஆட்கள் "மூன்று, இரண்டு, ஒன்று" என்று ஒரு விதி சொல்கிறார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். நம் மத்ரஸாப் பிள்ளைக்கு இது புதுப் பாடமா?

தமிழிலும் அப்படித்தான். உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏடுகளில் சிதறிக் கிடந்தது. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அந்த ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1842இல் அச்சேற்றினார். சித்திலெப்பையின் "அஸன்பே சரித்திரம்" 1885இல் வெளிவந்தது. இலங்கைத் தமிழ் நாவல் வரலாற்றை அதிலிருந்து தொடங்க இன்று முடிவது, பிரதிகள் பல கைகளில் இருந்ததால். நம் மட்டக்களப்புக்கே வருவோம். "மட்டக்களப்பு மான்மியம்" ஏட்டுப் பிரதிகளாக இருந்ததை எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்தார். அதில் சொல்லப்படுவதோடு நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கிறது. ஆனால் வேறுபடுவதற்காவது ஒரு பிரதி கையில் இருக்கிறதே.

கணினிக் காலத்திலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களை யாரும் இறக்கி, பகிர்ந்து, வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது. 2005இல் தொடங்கிய நம் நாட்டு "நூலகம்" திட்டம், யாழ்ப்பாண நெருப்பின் நினைவோடு வளர்ந்தது. இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைத் தாங்கி நிற்கிறது. முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் நம் பகுதிச் சஞ்சிகைகளும் அங்கே நிறைய உண்டு. நம் பிள்ளைகளின் தனி ட்ரைவுக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே பட்டியல் உண்டு, பொறுப்பானவர்கள் உண்டு, ஒருவர் போனால் அடுத்தவர் சாவியை எடுக்க ஒரு நிறுவனம் உண்டு. அங்கே கொடுத்துவிட்டோம் என்பதற்காக நம்மிடம் உள்ளதை அழிக்கவும் கூடாது. அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் எவ்வளவு பெரியது! பதிப்பாளர்கள் வழக்குப் போட்டு, சுமார் 500,000 நூல்களை இரவல் கொடுப்பதிலிருந்து அது எடுக்க வேண்டி வந்தது. 2024 ஒக்டோபரில் தாக்குதல் நடந்து சில நாட்கள் இருட்டிலும் கிடந்தது. பெரிய மரத்துக்கும் காற்று உண்டு.

அதே 2024 மே மாதம் அவுஸ்திரேலியாவில் யூனிசுப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் மேகக் கணக்கு முழுவதும் கூகுள் பக்கத்துத் தவறொன்றால் அழிந்தது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர்களின் பணக் கணக்கு. அவர்கள் வேறொரு கம்பனியிடமும் பிரதி வைத்திருந்தார்கள், ஒரு வாரத்துக்கு மேல் பாடுபட்டு மீண்டார்கள். காசு விஷயத்தில் இவ்வளவு கவனம். கிதாபு விஷயத்தில் நாம் ஏன் குறைவாக இருக்க வேண்டும்?

வக்பு பற்றி ஒரு சொல். நம் பழைய கிதாபுகளின் முதல் பக்கத்தில் "இது வக்பு, விற்கக் கூடாது, வாரிசுக்குப் போகாது" என்ற கருத்தில் எழுதியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஃபிக்ஹில் வக்பு செய்ய முதல் நிபந்தனைகளில் ஒன்று, பொருள் நம் உடைமையாக இருக்க வேண்டும் என்பது. வாடகை வீட்டை வக்பு செய்ய முடியாது. ட்ரைவில் உள்ள இடம் வாடகை வீடு, அதுவும் வாடகைகூடக் கொடுக்காத வீடு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒரு ஹார்ட் டிஸ்க் நம் உடைமை. அதில் நூல்களை நிரப்பி, பட்டியலை அச்சடித்துச் சேர்த்து, பள்ளிவாசல் நூலகத்துக்கோ பாடசாலைக்கோ வக்பாகக் கொடுக்கலாம். பள்ளி நிர்வாகங்களுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. விளக்குக்கும் விரிப்புக்கும் எழுதும் பொருட்பதிவில் ஒரு வரி கூடினால் என்ன? ஹார்ட் டிஸ்க்கும் சாகும், அதுவும் நம் உப்புக்காற்றில் சீக்கிரம் சாகும். ஆகவே இரண்டாக வாங்குங்கள். ஒன்றைக் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ரமழானுக்கு ரமழான் இரண்டையும் கணினியில் சொருகித் திறந்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கொரு முறை புதியதுக்கு மாற்றுங்கள். ஏடு பழுதாக முதல் புது ஏட்டில் எழுதிய அதே வேலைதான் இது.

மூலத்தைக் குப்பையில் போடாதீர்கள் என்று முன்பு சொன்னோம், மறுபடியும் சொல்கிறோம். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், விரல் மறைத்திருக்கும். அரபுத் தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும்.

இந்த விடுமுறையில் சில பழைய மாணவர்களோடு சேர்ந்து ஒரு பட்டியல் போடத் தொடங்குகிறோம். நூல் பெயர், எழுதியவர், வருடம், மூலம் யார் வீட்டில், பீடிஎப் எங்கே, அதைத் திறக்கும் கணக்கு யாருடையது, அவருக்குப் பிறகு யாருக்குச் சாவி என்று ஏழு நிரல், ஒரு கொப்பியில், பேனையால். 1990க்கு முந்திய பள்ளி மலர்கள், மத்ரஸாப் பட்டமளிப்பு மலர்கள், அரபுத் தமிழில் எழுதிய எதுவானாலும், கிழிந்ததானாலும், உங்கள் வீட்டில் இருந்தால் உள்பெட்டியில் ஒரு சொல் போடுங்கள். தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை, நாங்கள் வந்து வீட்டிலேயே படமெடுத்துத் திருப்பித் தருவோம். 2019இல் புதைத்தவர்கள் யாராவது இடம் நினைவிருந்தால் அதையும் சொல்லலாம். பெயர் வெளியே வராது.